கைபடாத விஞ்ஞானம்

தமிழிலே ‘பொருள்’ என்ற சொல், சொல்லின் கருத்தையும் குறிக்கும். கண்ணாற் கண்டு கையிலே எடுக்கக்கூடிய பண்டத்தையும் குறிக்கும். இரண்டையும் ஒரு சொல்லாலே சுட்டிய மக்கள், பண்டத்தைத் தொடாமற் கருத்தை எட்ட இயலாது என்பதை உணர்ந்திருந்தனர் போலும். அவர் வழிவந்த நாமோ இன்று எமது சிறுவர்க்குப் பொருளைக் காட்டாது பொருள் கற்பிக்கின்றோம். மிதத்தலையும் அமிழ்தலையும் கரும்பலகையிலே எழுதிக் கொடுக்கின்றோம்; காந்தத்தைப் படமாக ஒட்டுகின்றோம்; விதை முளைப்பதை மனனஞ் செய்விக்கின்றோம். இதற்கு விஞ்ஞானக் கல்வி என்று பெயரும் சூட்டி மகிழ்கின்றோம்.

தமிழாசிரியருக்கு விஞ்ஞானத்திலே என்ன அலுவல் என்று கேட்பாருளர். அலுவல் உண்டு. வெறுஞ் சொற்களால் நிரப்பப்பட்ட பிள்ளைகள் வந்து சேர்வது எமது கட்டுரைப் பாடத்துக்கே. ‘விஞ்ஞானத்தின் விந்தைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் முப்பது கொப்பிகளிலும் ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை. ‘நீ பட்டங் கட்டிய முறையை எழுது’ என்றாலோ பேனை நகர மறுக்கின்றது. பட்டங் கட்டாத பிள்ளை எதை எழுதும்? கட்டிய பிள்ளைக்கும், அது எழுதத்தக்க ஓர் அறிவு என்று எவரும் இதுவரை சொன்னதில்லை.

சென்ற ஆண்டு விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் நின்ற ஒரு நாள், ஆறாந்தர வகுப்பொன்றைப் பார்த்துக்கொள்ளும்படி நாம் அனுப்பப்பட்டோம். மின்சுற்றுப் பாடம் முந்திய வாரமே முடிந்திருந்தது. கேட்டோம்; ‘மூடிய சுற்றிலேயே மின்னோட்டம் பாயும்’ என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்பித்தது. எமது பையிலே பழைய ரோர்ச் லைற்று ஒன்று கிடந்தது. அதைக் கழற்றி ஒரு பற்றரி, ஒரு சிறு பல்ப், ஒரு துண்டுக் கம்பி ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்து, ‘இதை எரியச் செய்யுங்கள்’ என்றோம். பாடநூலின் ‘உலர்மின்கலம்’ என்பது தம் வீட்டுப் பற்றரிதான் என்பதைச் சிலர் அப்பொழுதே அறிந்தனர்!

புலமைப்பரிசிலில் உயர்ந்த புள்ளி பெற்ற மாணவி ஒருத்தியை அழைத்தோம். அவள் வந்தாள், கம்பியை எடுக்கவில்லை. கையைப் பின்னே கட்டிக்கொண்டு, “பிழைச்சால் மாக்ஸ் வெட்டுவியளோ, சேர்?” என்று கேட்டாள். பின் வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். அவன் தகப்பனார் சைக்கிள் திருத்துபவர். பல்பின் அடியைப் பற்றரியின் முனையில் வைத்து, பற்றரியின் அடியிலிருந்து கம்பியைக் கொண்டுவந்து பல்பின் பக்கத்தில் தொட்டான். எரிந்தது. “வீட்டிலை ரோர்ச் பழுதானால் நான்தானே பாக்கிறது” என்று கூறிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

இக்கதை இவ்வளவில் முடிந்திருந்தால் இனியதாயிருக்கும். தவணைப் பரீட்சையிலே குறியீடுகளால் வரைந்த ஒரு மின்சுற்றைக் கொடுத்து அதன் பகுதிகளைப் பெயரிடுமாறு கேட்டிருந்தனர். அச்சிறுவன் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தான். அவ்வினாவுக்கு அவனுக்குக் கிடைத்தது பூச்சியம். கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் முழுப் புள்ளி பெற்றாள். தாளைத் திருத்தியவரை நாம் குறை கூறவில்லை, விதி அது. அந்த விதியையே நாம் குற்றஞ் சாட்டுகின்றோம். செய்யத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தைக் கொடுக்கவில்லை; எழுதத் தெரிந்த பிள்ளையிடமிருந்து துணிவைப் பறித்துவிட்டோம். இரு பிள்ளைகளையும் ஒருங்கே கெடுத்த கல்வி இது. பிழைவிட அஞ்சும் உள்ளத்திலே விஞ்ஞானம் எவ்வாறு வேர்கொள்ளும்? பரிசோதனை என்பதே பிழைவிட்டுத் திருத்துவதற்கு மனிதன் கண்ட ஒழுங்கான வழியன்றோ?

இந்நிலை தானாக வந்ததன்று. 1945 ஆம் ஆண்டின் இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவைத் திறந்தது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். தாய்மொழியில் விஞ்ஞானங் கற்கும் உரிமை நனவாயிற்று. இவை பெரும் வெற்றிகள். இவற்றைச் சிறுமைப்படுத்துவார் பக்கம் நாம் நில்லோம். ஆயினும், விஞ்ஞானம் நாவுக்கு வந்ததேயன்றிக் கைக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆரம்ப வகுப்புக்களுக்கென 1990களின் இறுதியிற் புகுத்தப்பட்ட பாடத்தின் பெயர் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’. பெயரிலே செயற்பாடு இருக்கின்றது. முதலிரு தரங்களில் ஓரளவுக்கு வகுப்பிலும் இருக்கின்றது. நான்காந் தரத்தை எட்டியதும் அது குறிப்பாகிவிடுகின்றது; ஐந்தாந் தரத்தில் மாதிரி வினாத்தாளாகிவிடுகின்றது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 3 இலட்சம் பத்து வயதுப் பிள்ளைகள் 200 புள்ளிகளுக்காக ஒரே நாளில் அமரும் பரீட்சைக்கு முன்னால், களிமண்ணும் தண்ணீரும் எம்மாத்திரம்?

நடைமுறைக் கல்வியை எதிர்ப்போர் மூன்று நியாயங் கூறுவர். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, வசதியில்லை என்பது. ஆய்வுகூடமில்லை, உபகரணமில்லை, பணமில்லை என்பர். உயர்தர இரசாயனத்துக்கு இந்நியாயம் பொருந்தும். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. ஒரு களிமண் உருண்டையைத் தண்ணீரில் இட்டால் அமிழ்கின்றது. அதே களிமண்ணைக் கிண்ணமாக வனைந்து இட்டால் மிதக்கின்றது. ஏன்? இவ்வொரு வினாவை வைத்து இரண்டாந் தரத்திலே ஒரு வாரம் நடத்தலாம். இரண்டு புத்தகங்களுக்கிடையே ஒரு கடதாசியைப் பாலமாக வைத்தால் ஓர் அழிறப்பரையும் தாங்காது. விசிறிபோல மடித்து வைத்தால் பல அழிறப்பர்களைத் தாங்கும். வளவிலே நிற்கும் பனையின் ஓலை காற்றுக்கு நிமிர்ந்து நிற்பதும் அம்மடிப்பின் வலிமையாலேயே. இதற்கு எந்த ஆய்வுகூடம் வேண்டும்?

வசதியின்மையைப் பற்றி எம் மக்களுக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. 1990 இன் பின்னர் வடக்கிலே பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். எமது பெற்றோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னிலே வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலுள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு விளக்குச் செய்தனர். பெற்றோலிலே கிளப்பி, மண்ணெண்ணெயிலே மோட்டார்ச் சைக்கிளை ஓட்டினர். ஓர் ஊர் முழுவதும் பொறியியலாளர்களாக வாழ்ந்த காலம் அது! துயரத்தின் பேறாக வந்த அவ்வறிவை நாம் போற்றிப் பாடவேண்டியதில்லை. ஆனால், அந்த விளக்கின் கீழிருந்து எமது அண்ணன்மாரும் அக்காமாரும் எதைப் படித்தனர்? விளக்கு எரிந்த விதத்தையா? இல்லை, பரீட்சைக்குரிய குறிப்பையே படித்தனர். வாழ்க்கை ஒரு பக்கமும் வகுப்பறை மறுபக்கமுமாக நிற்க, இடையிலே வெறும் மேசை கிடந்தது.

மறுபுறம் 2022 ஐ நினைத்துப் பாருங்கள். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பின்போடப்பட்டன. கடதாசி இல்லையெனிற் பிள்ளை அறிந்தது என்ன என்று கண்டறியவே வழியற்றுப்போகும் கல்வி எத்தகைய கல்வி!

இரண்டாவது நியாயம், நேரமில்லை என்பது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமாம். யாருக்காக முடிக்கின்றோம்? மறதிக்காகவா? பரீட்சையை மாற்றாமற் கற்பித்தலை மாற்ற இயலாது என்பது உண்மை. ஆனால் பரீட்சையை மாற்றலாம் என்பதும் உண்மை. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலே, ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 கிராமப் பாடசாலைகளில், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புக்களுக்கென 1972 இல் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் பரிசோதனை செய்தே கற்றனர். புத்தகத்தைத் திறந்துவைத்தே பரீட்சை எழுதினர். செய்முறைத் தேர்வும் அவர்களுக்கு நடந்தது. அரவிந்த் குப்தா என்ற பொறியியலாளர் நெருப்புக்குச்சிகளையும் சைக்கிளின் வால்வ் ரியூப்பையும் இணைத்துக் கேத்திரகணித உருவங்களும் பாலங்களும் கட்டும் முறையை வகுத்தது அங்கே பணியாற்றிய காலத்திலேதான். முப்பது ஆண்டு நடந்த அத்திட்டத்தை 2002 இல் மாநில அரசு நிறுத்தியது. நிறுத்தப்பட்டமை அதன் தோல்விக்குச் சான்றன்று. கேள்வி கேட்கும் கிராமத்துப் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்பதற்கே சான்று.

சின்னஞ் சிறுவருக்கு இது ஆகுமா என்பாருக்கு மற்றோர் உதாரணம். 1992 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஷார்பக் 1996 இல் பிரான்சின் ஆரம்பப் பாடசாலைகளுக்கென ஓர் இயக்கத்தைத் தொடக்கினார். மாவிலே கைவைத்துப் பிசைதல் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரே அவ்வியக்கத்தின் பெயர். அங்கே பிள்ளை தான் எதிர்பார்த்ததையும், செய்ததையும், கண்டதையும் தன் சொந்தச் சொல்லிலே கொப்பியில் எழுதுகின்றது. கவனியுங்கள்: விஞ்ஞானப் பாடமே மொழிப் பாடமுமாகிவிடுகின்றது. எமது முப்பது கொப்பிகளின் ஒரே முன்னுரைக்கு இதனினும் நல்ல மருந்து யாது?

மூன்றாவது நியாயத்தை எவரும் வாய்விட்டுக் கூறுவதில்லை. அதுவே மற்றிரண்டுக்கும் வேர். ‘என்ரை பிள்ளை டொக்டராக வேண்டியவன்; அவனுக்கு ஏன் ஆணியும் சுத்தியலும்?’ என்பதே அது. கையாற் செய்யும் தொழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதிப் பெயரைச் சூட்டி, அப்பெயரை இழிவாக்கி, எழுத்தை மாத்திரம் உயர்வாக்கிய சமூகம் எமது சமூகம். தச்சனின் கை அறிந்த கோணமும், கொல்லனின் கண் அறிந்த வெப்பமும் அறிவென்று எண்ணப்படாமைக்குக் காரணம் அவற்றின் குறைபாடன்று. அவற்றை உடையோரின் சாதியே. சத்திரசிகிச்சை நிபுணரும் கைவினைஞரே என்பது அப்பெற்றோரின் நினைவுக்கு வருவதில்லை.

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலரும் எம்மோடு முரண்படக்கூடும். 1930களிலே கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவிற் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, அது கிராமத்துப் பிள்ளையை மண்வெட்டியோடு கட்டிப்போடும் சூழ்ச்சி என்ற கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது. நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் மேசையும், கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியும் என்றால் அதை நாமும் எதிர்ப்போம். 1972 இன் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977 இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் அவையும் கைவிடப்பட்டன. நாம் கோருவது தொழிற் பயிற்சியன்று. ஆறு வயதிலே எவரையும் தச்சராக்கவோ பொறியியலாளராக்கவோ நாம் முயலவில்லை. டொக்டரின் பிள்ளையும் சைக்கிள் திருத்துபவரின் பிள்ளையும் ஒரே வாங்கிலிருந்து ஒரே களிமண்ணைப் பிசையவேண்டும் என்கிறோம். கைக்கும் மூளைக்கும் இடையே சாதியும் வர்க்கமும் எழுப்பிய சுவர் அங்கேதான் முதலில் இடியும்.

இக்குறையைக் கண்ட வணிகர் அதற்கும் விலை குறித்துவிட்டனர். நகரங்களிலே ‘இளம் விஞ்ஞானி’ வகுப்புக்களும் ரோபோ வகுப்புக்களும் பெருகுகின்றன. அழகான பெட்டி, எண்ணிடப்பட்ட துண்டுகள், படிப்படியான அறிவுறுத்தல். பணமுள்ள பிள்ளை துண்டுகளைப் பூட்டுகின்றது, பொம்மை ஓடுகின்றது, பெற்றோர் கைதட்டுகின்றனர். தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அப்பெட்டியின் படமும் எட்டாது. அதுமட்டுமன்று. பிழைவிட இடமில்லாத பெட்டியும் ஒருவகை மாதிரி வினாத்தாளே. விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

பட்டத்தை எண்ணிப் பாருங்கள். தைப்பொங்கல் நாளிலே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைக் காணப் பெருங்கூட்டம் கூடுகின்றது. முச்சையின் முடிச்சை ஒரு விரலளவு நகர்த்தினால் பட்டம் காற்றை ஏற்கும் சாய்வு மாறுகின்றது. வால் குறைந்தால் குத்துகின்றது. கூடினால் ஏற மறுக்கின்றது. விண்ணின் நாரை இறுக்கினால் அதன் ஓசை மாறுகின்றது. ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாது வைத்து விளைவை நோக்கும் சிறுவன், பெயரறியாமலே பரிசோதனை செய்கின்றான். அவன் செய்வதற்குப் பெயர் கொடுப்பதே ஆசிரியரின் பணி. நாமோ பெயரைக் கொடுத்துவிட்டுப் பட்டத்தைப் பறிக்கின்றோம்.

ஆகவே நாம் கேட்பன இவை. பத்து வயதிலே பிள்ளைகளை வரிசைப்படுத்தும் பரீட்சை ஒழிய வேண்டும். ஏழைப் பிள்ளைக்குரிய உதவி அதன் ஏழ்மை நோக்கி வழங்கப்படவேண்டும். நல்ல பாடசாலைக்குச் செல்ல ஏழைக்குள்ள வழி அப்பரீட்சையொன்றே என்பாருக்கு எமது விடை: சிலரை ஏற்றிச்செல்லும் ஏணியைக் காட்டி, பலர் இருக்கும் அயற்பாடசாலையைப் பாழாக விடலாகாது. ஆரம்ப வகுப்பு ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு முழுக் காலை, குறிப்பும் புள்ளியுமின்றிச் செய்து பார்ப்பதற்கென ஒதுக்கப்படவேண்டும். ஊரின் தச்சரும் வள்ளங் கட்டுபவரும் சைக்கிள் திருத்துபவரும் பாடசாலைக்குள் ஆசானாக அழைக்கப்படவேண்டும்; வாசலிலே நிறுத்தப்படலாகாது. ஆசிரிய கலாசாலைகளில் ஆசிரியரும் முதலிற் கைகளை அழுக்காக்கிப் பழகவேண்டும்.

இவை வரும்வரை காத்திருப்பதும் ஒரு சாக்கே. அந்த ஆறாந்தர வகுப்பிலே நாமும் பாடநூலை விரித்து வாசிக்கவைத்திருக்கலாம். பழைய ரோர்ச் பையிலே கிடந்தது தற்செயல். அவ்வொரு மணிநேரத்துக்குப் பிறகு, தற்செயலை நம்பிக் கற்பிக்க எமக்கு உரிமையில்லை. அடுத்த வாரம் ஏதோ ஓர் அலுவலாக அவ்வகுப்புப் பக்கம் சென்றோம். இடைவேளை. அம்மாணவி மேசையருகே தனித்து நின்று, யாரிடமோ இரவல் வாங்கிய பற்றரியையும் கம்பியையும் வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தாள். பல்ப் எரியவில்லை. அவள் மீண்டும் பொருத்தினாள். எவரும் புள்ளியிடவில்லை.

அங்கேதான் அவளுடைய விஞ்ஞானக் கல்வி தொடங்கிற்று.