கடலோரத்தில் பிறந்தவர்க்குக் கடற்கல்வி

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் அதற்குக் கடற்கரை கிடையாது. 1948-ஆம் வருஷம் மார்ச்சு 3-ஆம் தேதி அது இந்திய யூனியனில் இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தது. 1974-ஆம் வருஷம் ஜனவரி 14-ஆம் தேதி தனி ஜில்லாவானபோது, தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்த அறந்தாங்கிப் பகுதியும் அதனுடன் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரை புதுக்கோட்டைக்குக் கிடைத்தது அவ்வாறுதான். ஜில்லாவின் படத்தில் கடல் வந்து சேர்ந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஜில்லாவின் கல்வியில் அது வந்து சேர்ந்ததா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

மணமேற்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களின் கடலோடிகள் சமுத்திரத்தை அறியாதவர்கள் அல்லர். வாடைக் காற்று எப்போது திரும்பும், எக்காற்றுக்கு நீரோட்டம் எப்படி மாறும், எங்கே சேறு, எங்கே கடற்புல் என்பவை அவர்களுக்குக் கைப்பாடம். ஆயினும் இந்நாளில் அநுபவ ஞானம் மட்டும் போதாது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம், கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக் கோள்களின் மூலம் அறிந்து, மீன் கூடும் இடங்களைக் கணித்து அறிவிக்கிறது. ஆனால் பாக் விரிகுடாவோ ஆழம் மிகக் குறைந்த கடல். பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேற்படாதது. இத்தகைய கலங்கிய நீரில் செயற்கைக் கோளின் கண் தடுமாறும். படகேறிச் சென்று, நீரை எடுத்துப் பார்த்து, அளந்து சரிசெய்யும் ஆட்கள் வேண்டும். அப்பணிக்கு இக்கரையில் பிறந்தவர்களைவிடத் தகுதியுடையவர் யார்?

இது வெறும் படிப்பைப் பற்றிய விஷயம் அன்று. உயிரையும் பிழைப்பையும் பற்றியது. ஆழமற்ற கடலில்தான் புயல் எழுப்பும் நீர்ப்பெருக்கு மிகுதியாக உயரும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயலினால் புதுக்கோட்டை ஜில்லாவும் பெருஞ்சேதம் அடைந்ததை ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களை ஒட்டிய சுமார் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுக்களின் காப்பகமாகத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. ஆவுளியா என்று கடலோடிகள் அழைக்கும் அந்தச் சாதுப் பிராணிக்குக் கடற்புல்லே ஆகாரம். புல் வளர்கிறதா, தேய்கிறதா என்பதை வருஷந்தோறும் ஆராய்ந்து சொல்ல வேண்டாமா? வெளியூரிலிருந்து நாலு நாள் வந்து போகிறவர்களைக் கொண்டே இக்காரியம் நடைபெறுமாயின், கரையிலுள்ளவர்களுக்கு அதில் நம்பிக்கை பிறப்பது அரிது.

கடலியல் என்றால் மீனைப் பற்றிய படிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அலையையும் ஓட்டத்தையும் ஆராய்வது ஒரு கிளை. நீரின் ரசாயனத்தை ஆராய்வது மற்றொன்று. அடித்தரையின் மண்ணை ஆராய்வது வேறொன்று. உயிர்களை ஆராய்வது நான்காவது. ஆகவே பௌதிகம், கணிதம், ரசாயனம், பூகர்ப்ப சாஸ்திரம், பிராணி நூல் ஆகியவற்றில் பி.எஸ்ஸி. தேறியவர்களுக்கு எல்லாம் இதில் இடமுண்டு. கற்பிக்கும் ஸ்தாபனங்களும் வெகுதூரத்தில் இல்லை. ஜில்லாவின் தென் எல்லைக்கு அப்பால், தொண்டியில், அழகப்பா சர்வகலாசாலையின் கடலியல் துறை இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலை சர்வகலாசாலையின் கடல் உயிரியல் நிலையம் புகழ்பெற்றது. 1947-இல் தோன்றிய இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குச் சென்ற பின்னும் அங்கே அதன் கிளை இயங்குகிறது.

வாசல் அருகிலிருந்தும் ஏழை வீட்டுப் பிள்ளை உள்ளே நுழையத் தயங்குவானேன்? பி.எஸ்ஸி. முடித்தவன் படகேறினால் அன்றே கூலி வரும். மேலும் இரண்டு வருஷம் படித்தால் செலவுதான் வரும். சர்க்காரின் புதுமைப் பெண் திட்டமும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் உதவுவதற்கென்று வகுக்கப்பட்டவை. ஆனால் அவை இளநிலைப் பட்டத்தை நோக்கமாகக் கொண்டவை. கடலியல் எம்.எஸ்ஸி. பயிலும் கரையோர மாணவ மாணவிகளுக்கு, உணவுக்கும் விடுதிக்கும் போதுமான உபகாரச் சம்பளம் தனியே ஏற்படுத்த வேண்டும். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி முதலிய கல்லூரிகளின் விஞ்ஞான மாணவர்களை வருஷம் ஒரு முறையேனும் தொண்டிக்கு அழைத்துச் சென்று காட்ட வேண்டும். கடலோடிகளின் வழக்கிலுள்ள சொற்களைத் திரட்டி, இச்சாஸ்திரத்துக்குத் தமிழில் நல்ல பாட நூல்களும் எழுத வேண்டும்.

"எம்.எஸ்ஸி. படித்தவன் வலை வீசுவானா?" என்று சிலர் பரிகாசம் செய்யலாம். வலை வீசுவோருக்கு வழி சொல்ல ஒருவன் வேண்டும் என்பதே நமது பதில். அவன் அவர்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அவன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அதிகாரிகளுடன் கடலைப் பற்றிப் பேசும் இடத்தில், தன் ஜனங்களுக்காகக் கணக்கும் ஆதாரமும் காட்டிப் பேசவும் அவனால் முடியும். கடலில் பிழைக்கும் ஜனங்கள், தங்கள் கடலைப் பற்றிய முடிவுகளைப் பிறர் வாயிலாகக் கேட்டுக்கொண்டே இருப்பது சுதந்திர தேசத்துக்கு அழகன்று. சர்க்காரும் சர்வகலாசாலைகளும் இதனை உடனே கவனிக்க வேண்டுகிறோம்.