ஒரு மயக்கம், ஒரு விடுப்பு

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது லேசான காரியமல்ல. போச்சம்பள்ளி சிப்காட்டுக்கோ ஓசூருக்கோ ஷிப்ட் வேலைக்குப் போகும் மகளுக்கு விடுப்பு கிடைக்க வேண்டும். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் வீட்டுக்காரர் ஊருக்கு வர வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும். மகளிர் குழுத் தவணை அந்த வாரம் வந்து விழக் கூடாது. இவ்வளவும் கூடிவந்து ஒருமுறை படுத்து எழுந்தவரிடம், ஆறு மாதம் கழித்து இன்னொன்று செய்ய வேண்டும் என்றால், அவர் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடவே வாய்ப்பு அதிகம்.

பித்தப்பையில் கல், தொப்புளில் குடலிறக்கம், சினைப்பையில் கட்டி. இவற்றில் இரண்டு ஒரே ஸ்கேன் சீட்டில் சேர்ந்து வருவதுண்டு. ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்க முடியுமா என்பது அந்த வீட்டுக்குக் கூலிக் கணக்கும்கூட.

லேப்ராஸ்கோப்பி அதற்கு வழி செய்திருக்கிறது. பழைய முறையில் பித்தப்பைக்கு வலது விலாவின் கீழ் ஒரு நீளமான கீறல், கர்ப்பப்பைக்கு அடிவயிற்றில் இன்னொன்று. இப்போது 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள சில துளைகள். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். அந்த வாயு தீப்பிடிக்காது. ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும். தொப்புள் வழியாக நுழைந்த கேமராவை மேலே திருப்பினால் ஈரலின் அடியில் பித்தப்பை. கீழே திருப்பினால் கர்ப்பப்பையும் சினைப்பையும். தலைப்பக்கம் மேஜையை உயர்த்தி ஒரு வேலை, தாழ்த்தி மற்றொன்று. தேவைப்பட்டால் கூடுதலாக ஓரிரு துளைகள். ஊரில் பலர் இதை 'லேசர் ஆபரேஷன்' என்கிறார்கள். இதில் லேசருக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை.

இந்தச் சேர்த்துச் செய்தல் புதிய யோசனையல்ல. 1735 டிசம்பரில் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அமியாண்ட் 11 வயதுச் சிறுவனின் குடலிறக்கத்தைத் திறந்தார். உள்ளே, குண்டூசி குத்தித் துளைத்த குடல்வால் கிடந்தது. மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் அதையும் வெட்டியெடுத்தார், சிறுவன் பிழைத்தான். பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே 1987-இல் செய்த புகழ்பெற்ற பித்தப்பை லேப்ராஸ்கோப்பியும் தனியாக நடந்ததல்ல. பெண்கள் நலச் சிகிச்சைக்காகப் படுத்திருந்தவருக்குப் பித்தப்பைக் கல்லும் இருந்தது. அதே அமர்வில் இரண்டையும் முடித்தார் மூரே.

மூன்றே ஆண்டுகளில் அந்த முறை இந்தியாவுக்கு வந்தது. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா 1990-இல் இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவை சிகிச்சையைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் கோவையின் டாக்டர் சி. பழனிவேலு தமிழகத்தில் இதை வேரூன்றச் செய்தார்.

ஆனால் முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் சேர்த்துவிடக் கூடாது. குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைக்கிறார்கள். சீழ்பிடித்த பித்தப்பையையோ குடல்வாலையோ அதே நேரத்தில் எடுத்தால் கிருமி வலையில் குடியேறலாம். அப்போது வலை வைப்பதைத் தள்ளிப்போடுவதே நல்லது. இதயமும் நுரையீரலும் பலவீனமானவருக்கு நீண்ட மயக்கமே ஆபத்து.

பணமும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டு விதிப்படி, ஒரே அமர்வில் பல அறுவை சிகிச்சைகள் நடந்தால் அதிகத் தொகையுள்ளதற்கு முழுக் கட்டணம், இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால் பங்கு. தனித்தனியாகச் செய்தால் மருத்துவமனைக்குக் கூடுதல் வருமானம். தேவையில்லாததைச் சேர்த்தாலும் கூடுதல் வருமானம். இரண்டிலும் இழப்பு நோயாளிக்குத்தான். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கர்ப்பப்பை அகற்றப்பட்ட வழக்கில், அதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'வயிற்றைத் திறக்கிறோம், அதையும் எடுத்துவிடலாம்' என்ற பேச்சு அவ்வளவு ஆபத்தானது.

2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஊத்தங்கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். காப்பீட்டு அட்டையும் ஸ்கேன் சீட்டும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு புறப்படும் அம்மாவுக்கு, பஸ்ஸில் போகும்போதே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ள மூன்று கேள்விகள் உண்டு. "ரெண்டையும் ஒண்ணாவே முடிச்சிடலாங்களா சார்? ரெண்டாவதை விட்டுட்டா என்ன ஆகும்? ஒண்ணாச் செஞ்சா எனக்கு என்ன ஆபத்து?" வெளியே வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும், அவரை உட்காரவைத்து மூன்றுக்கும் பதில் சொல்ல டாக்டருக்கு ஐந்து நிமிடம் வேண்டும்.