விசிட் விசாவை எதற்கெல்லாம் பாவிக்கின்றோம்?

விசா நிராகரிக்கப்பட்டால் எமது பகுதியில் உடனே இரண்டு விளக்கங்கள் வரும். ஒன்று, "பேரைப் பார்த்துத்தான் றிஜெக்ட் பண்ணினான்." மற்றையது, "ஏஜன்ட் சரியில்லை." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் இலங்கை முஸ்லிம் பெயர்களைச் சிலர் இரண்டு தடவை பார்க்கிறார்கள் என்பதை மறுக்கும் அளவுக்கு நான் அப்பாவியல்ல. ஆனால் வத்தேகமவிலும் மடவளையிலும் தெரிந்தவர்களுக்கு ஒன்லைன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தும், அவர்கள் கொண்டு வரும் நிராகரிப்புக் கடிதங்களை வாசித்துச் சொல்லியும் வருபவன் என்ற வகையில் எனக்குத் தெரிவது வேறு. பெரும்பாலான கடிதங்களில் பிரச்சினை பெயரில் இல்லை. போகும் காரியம் ஒன்று, கேட்ட விசா இன்னொன்று. அல்லது கொடுத்த ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்.

"விசிட் விசா" என்ற சொல் எம்மவர்களிடம் எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லாகி விட்டது. சென்னைக்குத் துணி எடுக்கப் போவதும் விசிட் விசா, துபாயில் வேலை தேடுவதும் விசிட் விசா, சிலருக்கு ஹஜ்ஜும் கூட விசிட் விசா. சுற்றுலா விசா என்பது எதையாவது சொல்லி உள்ளே நுழைவதற்கான ஒரு கதவு என்ற எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. நிராகரிப்புகளின் வேர் இங்கேதான் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இந்தியாவை எடுத்துக் கொள்வோம். எமது ஊர்களிலிருந்து அதிகமானோர் ஒன்லைனில் விண்ணப்பிப்பது அந்த நாட்டுக்குத்தான். 2015 மார்ச்சில் கொழும்பு வந்த பிரதமர் மோடி அறிவித்ததன்படி, அவ்வருடம் ஏப்ரல் 14 முதல் இலங்கையர்களுக்கும் இந்த வசதி திறக்கப்பட்டது. சுற்றுலா ஈ-விசா 30 நாள், 1 வருடம், 5 வருடம் என மூன்று வகைப்படும். சுற்றிப் பார்ப்பதற்கும், உறவினர் நண்பர்களைச் சந்திப்பதற்கும், குறுகிய காலப் பயிற்சி நெறிகளுக்கும் உரியது அது. நாகூருக்கோ ஏர்வாடிக்கோ அஜ்மீருக்கோ ஸியாரத் செல்பவருக்கு அதுவே போதும். ஆனால் பெருநாள் சீசனுக்கு முன்னர் கடைக்குச் சரக்குக் கொள்வனவு செய்யப் போகும் வியாபாரிக்கு வேறாக ஈ-வர்த்தக விசா இருக்கிறது. உம்மாவை இருதய சத்திர சிகிச்சைக்குக் கூட்டிச் செல்பவருக்கு ஈ-மருத்துவ விசா இருக்கிறது. நோயாளியுடன் இருவர் வரை துணைக்குச் செல்ல அதற்கென்றும் தனி விசா உண்டு. எல்லாமே அதே இணையத்தளத்தில்தான். இருந்தும் எல்லோரும் சுற்றுலாவையே அழுத்துகிறார்கள். ஏனென்று கேட்டால், "அதுதான் லேசு நானா" என்பதுதான் பதில். வர்த்தக விசாவுக்கு அழைப்புக் கடிதமும் வியாபார விபரமும் தேவை, மருத்துவ விசாவுக்கு வைத்தியசாலையின் கடிதம் தேவை. அந்தக் கடிதத்தை எடுக்கச் சோம்பல்பட்டு, விமான நிலையத்தில் அதிகாரியின் முன்னால் நின்று "சும்மா சுற்றிப் பார்க்க" என்று சொல்கிறோம். கையில் இருப்பதோ ஆஸ்பத்திரி பைல்.

தப்லீக் விடயம் இதைவிடப் பாரதூரமானது. இதைப் பள்ளிவாசல்களில் யாரும் விளக்கமாகப் பேசுவதாகத் தெரியவில்லை. இந்தியாவின் விசா விதிகளின்படி எந்த வகை விசாவில் சென்றவரும் தப்லீக் பணியில் ஈடுபட அனுமதியில்லை. மதத் தலங்களுக்குச் செல்வதற்கோ, பயான் கேட்பது போன்ற சாதாரண சமய நிகழ்வுகளில் கலந்து கொள்வதற்கோ தடையில்லை. பிரசாரம் செய்வதும், பள்ளிவாசலில் உரையாற்றுவதும், துண்டுப் பிரசுரம் விநியோகிப்பதும் தடை. 2020இல் டில்லி நிஸாமுத்தீன் மர்கஸ் விவகாரம் வெடித்தபோது, ஏப்ரல் 2ஆம் திகதி இந்திய உள்துறை அமைச்சு 960 வெளிநாட்டவர்களின் சுற்றுலா விசாக்களை இரத்துச் செய்து அவர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. அதில் இலங்கையரும் இருந்தனர். பின்னர் அதே வருடம் ஓகஸ்ட் 21ஆம் திகதி பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தன் முன் வந்த வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை இரத்துச் செய்ததோடு, அவர்கள் பலிக்கடாவாக்கப்பட்டதாகவும் கூறியது. கொரோனா காலத்தில் முஸ்லிம்கள் மீது பழி சுமத்தப்பட்டது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு விசா விதியை மாற்றவில்லை. விதி அப்படியே இருக்கிறது. 40 நாள் ஜமாஅத்தில் போகும் ஒருவர் படிவத்தில் "சுற்றுலா" என்று எழுதினால், அவர் தன்னை மட்டுமல்லாமல் தனக்குப் பின்னால் விண்ணப்பிக்கப் போகும் ஊரவர்களையும் சந்தேகத்தில் தள்ளி விடுகிறார்.

அதே படிவத்தில் இன்னும் சில கேள்விகள் எம்மவர்களைத் தடுமாற வைக்கின்றன. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தானியரா என்ற கேள்வி. கடந்த 3 வருடங்களில் எந்தெந்த சார்க் நாடுகளுக்குச் சென்றீர்கள் என்ற கேள்வி. இஸ்லாமாபாத்தில் படித்து விட்டு வந்த ஒரு தம்பி "பாகிஸ்தான் என்று போட்டால் கிடைக்காது" என்று பயந்து மறைக்கப் பார்த்தார். கடவுச்சீட்டிலேயே முத்திரை இருக்கும்போது மறைத்து என்ன பயன்? பாகிஸ்தான் வம்சாவளியினர் ஈ-விசாவுக்கே விண்ணப்பிக்க முடியாது. அவர்கள் வழமையான விசாவுக்குத்தான் போக வேண்டும், அதற்குக் கண்டியிலேயே இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. சென்று வந்தவர்களோ, உள்ளதை உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு.

30 நாள் விசாவின் திகதி பற்றியும் ஒரு வார்த்தை. அனுமதிக் கடிதத்தில் "காலாவதித் திகதி" என்று இருப்பது, அத்திகதிக்கு முன் இந்தியாவுக்குள் நுழைந்து விட வேண்டும் என்பதையே குறிக்கிறது. 30 நாள் கணக்கு தரையிறங்கிய நாளிலிருந்துதான் தொடங்கும். இது தெரியாமல் பதறிக் கொண்டு திரும்பி வந்தவர்களும் உண்டு.

ஹஜ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்தும் செய்கிறார்கள் என்பதுதான் வேதனை. 2024 ஹஜ்ஜில் கடும் வெப்பத்தில் 1,301 பேர் வபாத்தானார்கள். அவர்களில் 83 வீதமானோர் அனுமதியின்றி வந்தவர்கள் என்று சவூதி அரசே அறிவித்தது. கூடாரமும் இல்லை, குளிரூட்டிய பஸ்ஸும் இல்லை, வெயிலில் கிலோமீற்றர் கணக்கில் நடை. மறு வருடம் சட்டம் இறுகியது: அனுமதியின்றி ஹஜ் செய்ய முயல்பவருக்கு 20,000 ரியால் வரை அபராதம், அப்படிப்பட்டவருக்கு விசிட் விசா எடுத்துக் கொடுத்தவருக்கு 100,000 ரியால் வரை, சட்டவிரோதமாக ஹஜ் செய்ய முயன்று பிடிபடும் குடியேறிகளுக்கும் விசாக் காலம் கடந்து தங்கியோருக்கும் நாடு கடத்தலும் 10 வருடத் தடையும். எமது நாட்டுக்கு 3,500 பேருக்குத்தான் கோட்டா கிடைக்கிறது, முறையான பொதியின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஹஜ் வசதியுள்ளவர் மீதுதானே கடமை? கடமையில்லாத ஒருவரை "விசிட்டில் போய் மக்காவில் ஒளிந்திருக்கலாம்" என்று ஆசை காட்டிக் கூட்டிச் செல்பவர் எந்த மார்க்கத்தைப் பின்பற்றுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

துபாய்க்குப் போகும் பிள்ளைகளின் கதை வேறு. அங்கே விசிட்டில் இறங்கி வேலை தேடி விசாவை மாற்றிக் கொண்டு நன்றாக வாழ்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கிளம்புகிறார்கள். வேலை கிடைக்காதவர்கள் நாடு திரும்பிப் பேசுவதில்லை. தங்கும் காலம் முடிந்தால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறும். எமது நாட்டுச் சட்டப்படி, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வேலைக்குச் செல்பவர் புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். விசிட்டில் போனவருக்கு அந்தப் பதிவு இல்லை, ஆகவே காப்புறுதியும் இல்லை, பிரச்சினை வந்தால் முறையிட வழியும் குறைவு. 2022இல் ஓமானில் வெளிவந்த பெண்களின் கதை நினைவிருக்கும். சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். தாய்லாந்துக்கு விசா இல்லாமலே போகலாம் என்று 2024 ஜூலையில் வந்த சலுகையும் நல்லதுதான். ஆனால் தாய்லாந்து வழியாகத்தான் எமது நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மியாவடி மோசடி முகாம்களுக்குள் கொண்டு செல்லப்பட்டார்கள்.

சரி, நோக்கம் உண்மையாகவே சுற்றுலாதான், அல்லது லண்டனிலுள்ள மகளின் பிரசவத்துக்குப் போகும் உம்மாதான் என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் ஏன் நிராகரிக்கப்படுகிறது?

முதலாவது, பெயர். முஹம்மத் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்? பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, வங்கிக் கணக்கில் முதலெழுத்துக்கள் மட்டும், நிக்காஹ் சான்றிதழில் வாப்பாவின் பெயர் வேறு மாதிரி. கண்டிப் பகுதியின் பழைய குடும்பங்களில் "கெதர" என்று முடியும் வாசகமப் பெயர்களும் சான்றிதழில் முழு நீளத்துக்கு இருக்கும், அன்றாடப் பாவனையில் இருக்காது. (அந்தப் பெயர்கள் எமது இருப்பின் வரலாறு, வெட்டி எறியச் சொல்லவில்லை.) எமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. ஆனால் கடவுச்சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எது விழுந்திருக்கிறதோ அதைத்தான் விசாப் படிவத்திலும் எழுத வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை முதல் பெயர்க் கட்டத்தில் போட்டவரின் விசா கிடைத்தும், விமான நிலையத்தில் கடவுச்சீட்டோடு பொருந்தாமல் நிறுத்தப்படலாம். எழுத்துக்கூட்டல்கள் வேறுபட்டால், இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைப்பது பெரிய செலவல்ல. அதிகாரி ஊகித்துக் கொள்வார் என்று விட்டு விடுவதுதான் தவறு.

இரண்டாவது, பணம். இங்கேதான் எமது சமூகத்தின் வாழ்க்கை முறையும் மேற்கு நாடுகளின் படிவமும் மோதுகின்றன. பஸாரில் 30 வருடம் கடை நடத்தும் ஒரு ஹாஜியாரிடம் உண்மையாகவே காசு இருக்கிறது. ஆனால் அது வங்கியில் இல்லை. கடையில் சுழல்கிறது, வீட்டில் இருக்கிறது, காணியில் இருக்கிறது. வட்டிக்குப் பயந்து வங்கிப் பக்கமே போகாதவர்களும் உண்டு. வட்டியில்லாத நடைமுறைக் கணக்கும் இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளும் இருப்பது அவர்களுக்கு எட்டவில்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் மச்சானிடம் பத்து இலட்சம் வாங்கி கணக்கில் போட்டு, கூற்றை எடுத்தவுடன் திருப்பிக் கொடுக்கிறார். ஆறு மாதக் கூற்றைப் பார்க்கும் அதிகாரிக்கு, ஐந்து மாதமும் மூன்று வாரமும் ஏறக்குறைய வெறுமையாக இருந்த கணக்கில் திடீரென்று விழுந்த தொகை எதைச் சொல்லும்? இருக்கும் பணத்தைக் காட்டத் தெரியாமல் இல்லாத பணத்தைக் காட்டுகிறோம். வியாபாரப் பதிவு, வருமான வரி இலக்கம், தினசரி விற்பனையை வங்கியில் வைப்பிலிடும் பழக்கம் ஆகியவை இருந்தால், கணக்கு மிகுதி குறைவாக இருந்தாலும் விண்ணப்பம் நம்பத்தக்கதாகி விடும். இவற்றை விண்ணப்பிக்கும் வாரத்தில் உருவாக்க முடியாது. ஒரு வருடத்துக்கு முன்னர் தொடங்க வேண்டும்.

பொய்யான ஆவணம் என்று தெரிந்தால் விடயம் நிராகரிப்போடு நிற்காது. பிரித்தானியா 10 வருடம் வரை தடை விதிக்கும், கனடா 5 வருடம். ஐக்கிய இராச்சியம், அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியன தமக்கிடையே கைவிரல் அடையாளத் தகவல்களைப் பகிர்ந்து கொள்கின்றன. லண்டனில் பொய் சொன்னவர் டொரொண்டோவில் புதிதாகத் தொடங்க முடியாது.

இனி ஏஜன்ட். நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் படிவத்தில் தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தையும் போடுபவரை நம்ப வேண்டாம். தூதரகம் ஒரு ஆவணம் கேட்டு எழுதினால் அது விண்ணப்பதாரரைச் சேராது. பதில் இல்லை என்று நிராகரிப்பு வரும். எல்லோருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அச்சடிப்பவர்களும், மறுநாளே இரத்தாகும் ஹோட்டல் பதிவை வைப்பவர்களும் இதே இனம்தான். இந்திய ஈ-விசாவுக்கு அரச இணையத்தளம் "கவ் டொட் இன்" என்றுதான் முடியும். தேடுபொறியில் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை, கட்டணமும் கூடுதல்.

இடைத்தரகர் பிரச்சினை எமக்கு மட்டும் உரியதல்ல. எமது அரசே அதில் சிக்கியது. 2012 முதல் நன்றாக இயங்கி வந்த இலங்கையின் ஈ.டீ.ஏ. முறைமையை 2024 ஏப்ரல் 17ஆம் திகதி வெளிநாட்டு நிறுவனக் கூட்டு ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். 50 டொலராக இருந்த செலவு சேவைக் கட்டணங்களோடு 100 டொலரைத் தாண்டியது. கட்டுநாயக்கவில் ஒரு இளைஞர் சத்தம் போட்ட வீடியோ நாடெங்கும் பரவியது. ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதை நடைமுறைப்படுத்தாததால் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டம்பரில் விளக்கமறியலுக்குச் சென்றார். எமது நாட்டுக்கு வர விரும்பிய வெளிநாட்டவர் அன்று பட்ட எரிச்சலைத்தான் நாம் ஏஜன்ட் வாசலில் படுகிறோம்.

நிராகரிப்பு வந்து விட்டால்? அடுத்த வாரமே அதே ஆவணங்களோடு மீண்டும் போடுவது பணத்தைக் கொண்டு போய் ஆற்றில் போடுவது. ஐரோப்பிய ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ, அமெரிக்காவுக்கு 185 டொலர். எதுவும் திரும்பி வராது. ஷெங்கன் நிராகரிப்புப் படிவத்தில் காரணத்துக்கு நேரே அடையாளம் இடப்பட்டிருக்கும், எங்கே மேன்முறையீடு செய்வதென்றும் இருக்கும். பிரித்தானிய விசிட் விசாவுக்கு வழமையான மேன்முறையீடு இல்லை. கடிதம் சொல்லும் ஒவ்வொரு குறைக்கும் ஒவ்வொரு ஆவணமாகத் தேடி, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் புதிய படிவம் முன்னர் எந்த நாடாவது விசா மறுத்ததா என்று கேட்கும். "ஆம்" என்று குறித்து விட்டு, எந்தத் திகதியில், என்ன காரணத்துக்கு, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று நான்கு வரி எழுதியவர்களுக்கு இரண்டாவது முறை விசா கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன். "இல்லை" என்று குறித்தவர்களுக்கு வரும் இரண்டாவது கடிதத்தில் வேறொரு சொல் இருக்கும்: ஏமாற்று.