‘ஆதரவாளர்’ என்னும் சொல்லின் மறைவில்

அறிவியல் புனைவை ஒட்டிய பாத்திரமேற்பு மேசை விளையாட்டுகளுக்கான துணைநூல்கள் சொன்ன காலத்தில் வருவதில்லை. ஆய்வேட்டின் கடைசி இயலை ‘அடுத்த மாதம்’ என்றே ஆண்டுக்கணக்கில் சொல்லிப் பழகிய வளாகங்கள் இத்தாமதத்தை எளிதில் மன்னித்துவிடும். மன்னிக்கத் தகாதது, அத்தாமதத்தைக் காக்கப் புனையப்பட்ட சொற்கள்.

கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் முன்பணம் தருபவர் வாங்குபவர் அல்லர், ‘ஆதரவாளர்’. அவர் தருவது விலையன்று, ‘உறுதிமொழி’. பெறப்போவது சரக்கன்று, ‘வெகுமதி’. வெகுமதிக்குக் கெடு விதிப்பது நாகரிகமன்று அல்லவா! தான் ஒரு கடை அல்ல என்று 2012இல் அத்தளமே அறிவித்தது. கடையில்லையெனில் முதலீடா? அதுவுமில்லை, இலாபத்தில் பங்கு கிடையாது. வாங்குபவரின் உரிமையும் முதலிட்டவரின் பங்கும் ஒருங்கே அற்ற மனிதரை ஒரு சொல் படைத்துவிட்டது.

சட்டம் இச்சொல்லுக்கு மயங்கவில்லை. பலகை விளையாட்டு ஒன்றுக்கென 1,22,000 டாலருக்கு மேல் திரட்டிச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியவர்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2015இல் நடவடிக்கை எடுத்தபோது, பணம் தந்தோரை ஏமாற்றப்பட்ட நுகர்வோராகவே கண்டது. தாமதம் மோசடியன்று, ஆயினும் பணம் தந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை இரண்டிலும் ஒன்றே.

‘துணைநூல் எதற்கு? நீங்களே படைத்துக்கொள்ளலாமே’ என்பது வழக்கமான மறுமொழி. உண்மைதான். 1977இல் வெளியான ‘டிராவலர்’ மூன்று சிறு நூல்களே கொண்டது. ஒரு கோளின் பருமன், வளிமண்டலம், மக்கள்தொகை, ஆட்சிமுறை ஆகிய அனைத்தையும் பகடை உருட்டியே வகுத்துவிடலாம். ஆனால் இவ்வாதம் பதிப்பாளருக்கு எதிராகவே திரும்புகிறது. தேவையற்ற நூலெனில் அதைக் காட்டிப் பணம் திரட்டியது ஏன்? நிதி இலக்கைத் தாண்டியவுடன் ‘இன்னும் இவ்வளவு சேர்ந்தால் மற்றுமொரு துணைநூல்’ என்று ஒரு வரிகூட எழுதப்படாத நூல்களை அடுக்குவதே தாமதத்தின் ஊற்று. திரண்ட தொகை அன்றே நின்றுவிடுகிறது. தாளின் விலையும் கப்பற்கட்டணமும் நிற்பதில்லை.

இழப்பு பணத்தோடு முடிவதுமில்லை. இவ்விளையாட்டு தனியொருவர் வாசிக்கும் நாவலன்று. நடுவர் ஒருவரும் நண்பர் நால்வரும் வாரந்தோறும் கூடியாக வேண்டும். வரவிருக்கும் நூலை நம்பிக் கதையை நிறுத்திவைத்த குழுவில் ஒருவர் வேலைக்குப் போகிறார், ஒருவர் ஊர் மாறுகிறார். நூல் வந்துசேரும்போது மேசை காலியாக இருக்கிறது.

வேறு வழியில்லை என்பாருக்குக் கெவின் கிராஃபோர்டு விடை தந்திருக்கிறார். 2017இல் ‘ஸ்டார்ஸ் விதௌட் நம்பர்’ திருத்தப் பதிப்புக்கு நிதி கோரிய அவர், வரைவை எழுதி முடித்த பிறகே பணம் கேட்பதை வழக்கமாக வைத்திருப்பவர். அவர் நடத்துவது பெருநிறுவனமும் அன்று. ஏறத்தாழ ஒற்றை ஆள் பதிப்பகம்.