மீண்டெழுதல் இழுக்கன்று

தரையிறங்கும் வானூர்திக்கு விரைவே உயிர். 2013 சூலை 6 அன்று சான் பிரான்சிசுகோவில் இறங்கவந்த ஏசியானா 214ஆம் வானூர்திக்கு வேண்டிய விரைவு மணிக்கு 137 கடல்மைல். தன்னியங்கிப் பொறி அதனைக் காக்குமென வலவர் நம்பினர். அவர்தம் கையாளுகையாலேயே அப்பொறி காவாது ஓய்ந்திருந்தது. விரைவு 103 அளவிற்குத் தாழ்ந்தது; வால் கடற்சுவரில் மோதி முறிந்தது; மூவர் மாண்டனர். வானமோ தெளிவாயிருந்தது!

பொறியின் சிக்கலைப் பழிப்பார் உளர். அதுவும் ஓரளவு மெய்யே. ஆயின், 500 அடி உயரத்தில் விரைவும் சரிவும் உந்துவிசையும் நிலைப்படாவிடின் மீண்டெழுக என்பதன்றோ நெறி? அன்று 100 அடிக்கும் கீழ் வந்த பின்னரே எழ முயன்றனர். மீண்டெழுதல் இழுக்கன்று, கடமை. வலவர்களே, பொறியைப் பயன்கொள்வீர். விரைவுமானியினின்று கண்ணை எடாதீர்! பொறியைக் கண்காணிக்கும் பொறுப்பு என்றும் மாந்தனுடையதே.