கார் பேட்டரியும் ஊறுகாய் ஜாடியும்



போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு என் மாமியாருக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. கோரிமேடு ஜிப்மருக்குக் கிளம்பலாமென்று காரில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினால், 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவே இல்லை! பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார், பிழைத்தோம். 'காரெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்' என்று இருந்த நான், மறுநாளே மெக்கானிக்கிடம் பேட்டரிப் பாடம் கேட்டுக்கொண்டேன்.

பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும். அறைக்கு 2 வோல்ட் சொச்சம். மொத்தம் 12 வோல்ட். 1859-ல் இதைக் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர். நம்ம ஊருக்கு உறவுதான்!

எங்கள் வண்டிக்கு என்ன ஆச்சு? ஸ்டார்ட் செய்யும்போது செலவாகும் கரண்ட்டை, வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் திருப்பி நிரப்புகிறது. பெரிய மார்க்கெட்டுக்கு ஐந்து நிமிஷம் போய் வந்தால் எப்படி நிரம்பும்? அதோடு மழையென்று பத்து நாள் நிறுத்தி வைத்தோம். உள்விளக்கையும் அணைக்க மறந்துவிட்டோம். காலியாகக் கிடந்தால் தகடும் கெட்டுப்போகும்.

நான் கடைப்பிடிப்பவை இவை:

* தண்ணீர் ஊற்றும் ரக பேட்டரியானால் மாதம் ஒருமுறை மட்டம் பாருங்கள். ஊறுகாய் மேல் எண்ணெய் நிற்பதுபோல, தகடுகள் முழுகியிருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், குறியிட்ட அளவுக்கு. குழாய்த் தண்ணீர், குடிக்கிற கேன் தண்ணீர் கூடாது. மூடியே இல்லாத ரகத்தைத் திறக்க முயலாதீர்கள்.

* டெர்மினலில் வெள்ளையாய், பச்சையாய்ப் பூத்திருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரில் பழைய பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்க்கலாம். உள்ளே ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. துடைத்துக் காயவைத்து வாசலின் தடவுங்கள். ஒயரைக் கழற்றினால் முதலில் மைனஸ்; மாட்டும்போது அது கடைசி.

* வளையல், சங்கிலியைக் கழற்றி வையுங்கள். இரண்டு முனையிலும் பட்டால் பொறி பறந்து கை வெந்துவிடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். தீக்குச்சி, ஊதுபத்தி கிட்டே வேண்டாம். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

* ராத்திரி நிறுத்தி வைத்த வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடச் சொல்லுங்கள். ஹாரன் கம்மினாலும், செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்தாலும் அலட்சியம் வேண்டாம்.

இப்போது ஞாயிறுதோறும் காலாப்பட்டு வரை அரைமணி ஓட்டம். "எல்லாம் பேட்டரிக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டு முன்சீட்டில் முதலில் ஏறி உட்காருபவர் யார் தெரியுமோ? என் மாமியார்தான்!