மூன்று நிமிடத்தில் ஒரு ராகம்

பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். ஆலாபனை சூடுபிடிப்பதற்குள் முள் நடுவுக்கு வந்துவிடும். 1902ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோதே தொடங்கிய அவஸ்தை இது. ராகத்தைச் சுருக்கிப் பாடிவிட்டு, கடைசியில் தன் பெயரையும் அவசரமாகச் சொல்லி முடிப்பார் அவர்.

இந்த அவசரம் யாருக்காவது தோதாக இருந்தது என்றால், வாத்தியக் குழுக்களுக்குத்தான். முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்து, நொடிக் கணக்கில் முடித்துவிடலாம். 1925க்குப் பிறகு மைக் வந்தது இன்னொரு அனுகூலம். அதற்கு முன் எல்லோரும் ஒரே கூம்புக் குழாய்க்கு எதிரே நெருக்கியடித்து உட்கார வேண்டும். மெல்லிய ஒலியுள்ள வாத்தியங்கள் காணாமல் போகும்.

கல்கத்தாவில் இந்தத் துறையின் முன்னோடி, சரோத் கலைஞர் திமிர் பரன். அவருடைய குரு மைஹர் அலாவுதீன் கான் லேசுப்பட்டவர் அல்ல. அனாதைக் குழந்தைகளைச் சேர்த்து 'மைஹர் பாண்ட்' அமைத்தவர். துப்பாக்கிக் குழல்களை வெட்டி ஒரு தரங்கமே செய்தவர். சிஷ்யர் ஊர் திரும்பி, சொந்தக் குடும்பத்தாரை வைத்தே ஒரு ஆர்கெஸ்ட்ரா உருவாக்கினார். 1930ல் உதய் சங்கர் அவரைத் தன் நடனக் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே பாரிஸ் மேடை. பிறகு நியூ தியேட்டர்ஸ், 'தேவதாஸ்' (1935) படத்துக்கு இசை.

மேல்நாட்டு பாணியில் ஸ்வரங்களை அடுக்கினால் ராகத்தின் சாயல் கெடும். ஒரு கமகத்தைப் பத்துப் பேர் ஒரே மாதிரி இழுப்பதும் நடக்காத காரியம். இந்தக் குழுக்கள் கண்ட வழி எளிமையானது: மெட்டு ஒன்றுதான், அதை வாத்தியம் வாத்தியமாகப் பங்கிட்டுக் கொடுப்பது. உதய் சங்கர் குழு 1937ல் நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்குப் பதிவு செய்த தட்டுகளில் இதைக் கேட்கலாம். திமிர் பரன் அப்போது குழுவில் இல்லை. விஷ்ணுதாஸ் ஷிராலி நடத்த, பதின்வயது ரவி சங்கரும் வாசித்தார். ராகம் விரிவதில்லைதான். ஆனால் அதன் முகம் தெரிகிறது.

1952ல் ஆல் இந்தியா ரேடியோ டெல்லியில் வாத்திய விருந்தாவைத் தொடங்கியபோது பொறுப்பேற்ற இருவரில் ஒருவர் அதே ரவி சங்கர். மற்றவர் நம் பிடில் வித்வான் டி.கே. ஜெயராம ஐயர். ஆனால் காலம் மாறிவிட்டது. 1955ல் அமெரிக்காவில் வந்த எல்.பி. தட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே ராகம். வாசித்தவர் அலி அக்பர் கான். மைஹர் பாண்டைப் படைத்த அலாவுதீன் கானின் மகன்! தனி வித்வானுக்கு நேரம் கிடைத்துவிட்டது. சுருக்கித் தரும் குழுவை ரசிகர்கள் மறந்தார்கள்.

திமிர் பரன் 1987ல் காலமானார். தட்டுகளோ அரக்கால் ஆனவை, கைதவறினால் சுக்குநூறு. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் பழைய ஹிந்துஸ்தானி இசைப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. தனி வித்வான் என்றால் யார் வாசித்தது என்று தட்டிலேயே அச்சாகியிருக்கும். குழுத் தட்டுகளில் பெரும்பாலும் நடத்தியவர் பெயர் மட்டும்தான். சிதார் யார், வயலின் யார் என்று சொல்லக்கூடியவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் வெகு சிலரே.